நல்லெண்ணெய் என்று எழுதியிருந்த கவர்

அம்மா போட்ட மாங்காய்த் தொக்கு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்தது. எடுத்துப் பார்த்தால், மேலே நின்ற எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. "நல்லெண்ணெய் இப்படி உறையாதே" என்றார் அம்மா. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க உள்ளே வைத்தோம். அது உறையவில்லை.

நல்லவேளையாக, தொக்குக்கு ஊற்றிய பாக்கெட் எண்ணெயின் கவரும் பில்லும் குப்பைக்குப் போகவில்லை. கவரில் இருந்த 14 இலக்க உரிம எண்ணை ஃபாஸ்காஸ் (உணவு நிறுவனங்களின் உரிமத்தைச் சரிபார்க்கும் அரசு இணையதளம்) தளத்தில் போட்டால் வேறு ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தது. அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. கவரின் இரு பக்கத்தையும் பில்லையும் படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு (94440 42322) அனுப்பினேன்.

இரண்டு நாளில் எங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலர் கூப்பிட்டார். பாதி எண்ணெய் மிச்சம் இருக்கிறது, தருகிறேன் என்றேன். "பிரித்த பாக்கெட் வழக்குக்கு நிற்காது சார், நீங்களே கலந்தீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். அதே பேட்ச் சீல் உடையாமல் கடையில் கிடைக்கணும்" என்றார். நாங்கள் வாங்கிய அண்ணாச்சி கடையில் அது விற்றுத் தீர்ந்திருந்தது. பாவம், அண்ணாச்சிக்கு முகமே செத்துப் போனது. மொத்த வியாபாரி கொடுத்த பில்லை எடுத்து நீட்டினார். அதை வைத்து வேறொரு கடையில் அதே பேட்சைப் பிடித்தார்கள்.

மாதிரி எடுப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். சும்மா அள்ளிக்கொண்டு போவதில்லை. விலை கொடுத்து வாங்குகிறார்கள். நான்கு பாகம், ஒவ்வொன்றுக்கும் சீல், சாட்சிக் கையெழுத்து. ஒன்று பாளையங்கோட்டை உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு, இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம் (மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்). நான்காவது, வியாபாரி கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்குப் போகும்.

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு வந்த முடிவு: தரம் குறைந்தது, தப்புக்குறியீடு (லேபிளில் இருப்பது உண்மையில்லை). எந்த எண்ணெய் என்று கண்டுபிடிக்க உதவும் அளவுகளில் ஒன்று அயோடின் மதிப்பு; நல்லெண்ணெய்க்கு அது நூறைத் தாண்டி நிற்கும், பாமாயிலுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். இதில் அது நன்றாக இறங்கியிருந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் விட்டு, பிறகு மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணை. வாய்தா, வாய்தா என்று மாதங்கள் ஓடி, கடைசியில் அபராதம் விதித்தார்கள். தரக்குறைவுக்கு 5 லட்சம் வரையும் தப்புக்குறியீட்டுக்கு 3 லட்சம் வரையும் போடலாம். பாதுகாப்பற்றது என்று வந்திருந்தால்தான் சிறை. கூலி வேலைக்குப் போகிறவர் நல்லெண்ணெய் விலை கொடுத்துப் பாமாயில் வாங்கிப் போகிறார். அதற்கு வெறும் அபராதம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விசாரணைக்கு அலைந்தபோது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டால், கட்டணம் கட்டி நாமே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். கலப்படம் என்று வந்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். போன வாரம் நெய் வாங்கும்போது அண்ணாச்சியிடம் அப்படிச் சொன்னேன். "கொண்டு போங்க தம்பி, எனக்கும் தெரியணும்லா" என்று அவரே பேட்ச் எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுத்தார்.