கடகடன்னு வாசிக்குது, ஆனா புரியுதா? புள்ளைங்களுக்கு டெஸ்ட் வச்சுப் பாத்த அனுபவம்

எங்க ஊரு ஒட்டன்சத்திரம் பக்கம். 2021 அக்டோபர்ல தமிழ்நாடு அரசோட இல்லம் தேடிக் கல்வி திட்டம் ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா சேந்தேன், எனக்குக் குடுத்தது ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் உள்ள புள்ளைங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மாரியம்மன் கோயில் மண்டபத்துல கிளாஸ். அதுல வாசிப்புப் புரிதலை எப்படி சோதிச்சுப் பாத்தேன்னுதான் இங்க எழுதுறேன். டியூஷன் எடுக்குறவங்க, வீட்டுல சின்னப் புள்ளைங்க வச்சிருக்கவங்க யாருக்காச்சும் உபயோகப்படும்.

இதுக்கு வழி விட்டது நாலாவது படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா. "ஏம்மா, புள்ள புஸ்தகத்த எடுத்தா மழை மாதிரி வாசிக்குது, ஆனா கணக்குல நாலு வரி குடுத்து கேட்டா மட்டும் கூட்டவா கழிக்கவான்னு என்னையவே கேக்குது, என்னன்னு பாரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தப் பொண்ணுக்கு கூட்டல் கழித்தல் ரெண்டும் சுத்தமா வரும், வெறும் நம்பரா எழுதிக் குடுத்தா நிமிஷத்துல போட்டுரும். அப்ப கணக்குல கோளாறு இல்ல, வாசிக்கிறதுல தான் ஏதோ இருக்குன்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

முதல்ல எல்லாருக்கும் வாசிக்க வருதான்னு பாத்துக்கிட்டேன். இதுக்கு பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்பு 2005ல இருந்து கிராமத்துல வீடு வீடாப் போய் எடுக்குற அசர் சர்வே முறை ரொம்ப வசதி. ஒரே ஒரு தாள், அதுல எழுத்து, வார்த்தை, ஒண்ணாவது வகுப்பு லெவல்ல ஒரு சின்ன பத்தி, ரெண்டாவது வகுப்பு லெவல்ல ஒரு கதை. பத்தியில ஆரம்பிக்கணும், அது சரளமா வந்தா கதைக்கு ஏத்திவிடணும், வரலன்னா வார்த்தைக்கும் எழுத்துக்கும் எறக்கணும். ஒரு புள்ளைக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. 2024 அறிக்கையில கிராமத்து அரசுப் பள்ளி மூணாவது புள்ளைங்கள்ல ரெண்டாவது வகுப்புப் பாடத்த வாசிக்க முடிஞ்சவங்க நாடு முழுக்க 23.4 சதவீதம்தான், 2022ல அது 16.3. ஆனா ஒண்ணு, அந்தத் தாள்ல முக்கியமா பாக்குறது வாய்விட்டு வாசிக்க வருதான்னு. புரியுதாங்கறது அதுக்கு அடுத்த கட்டம், எனக்கு வேண்டியது அதுதான்.

ஒவ்வொரு புள்ளையா தனியா உக்கார வச்சுதான் கேக்கணும். கூட்டத்துல கேட்டா ரெண்டாவது புள்ளை வாசிக்கிறப்பவே பத்தாவது புள்ளைக்கு கதை மனப்பாடம் ஆகிருக்கும். மண்டபத்துக்குப் பின்னாடி தண்ணித் தொட்டி பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒவ்வொருத்தரா கூப்ட்டேன், ரெண்டு மூணு கதை கைவசம் வச்சு மாத்தி மாத்திக் குடுத்தேன், மத்த புள்ளைங்களுக்கு படம் வரையச் சொல்லிட்டேன்.

நேரம் பாக்கணும்னா போனை புள்ளைங்க கண்ணுக்குத் தெரியாம வைக்கணும். ஸ்டாப்வாட்ச் ஓடுறதப் பாத்துட்டா ரேஸ் விடுற மாதிரி மூச்சு விடாம ஓடுதுங்க, நிறுத்தற்குறி எதுவும் கண்ணுல படாது. சின்ன வகுப்புப் புள்ளைங்களுக்கு எழுத்தும் எண்ணும் வரணும்னு மத்திய அரசு நடத்துற நிபுண் பாரத் திட்டத்துல மூணாவது முடிக்கிறப்ப நிமிஷத்துக்கு 60 வார்த்தை புரிஞ்சு வாசிக்கணும்னு இலக்கு வச்சிருக்காங்க. நான் அந்தக் கணக்க அப்படியே எடுத்துக்கல. நம்ம தமிழ்ல "போய்க்கொண்டிருந்தபோது"ங்கறதும் ஒரு வார்த்தைதான், "நான்"ங்கறதும் ஒரு வார்த்தைதான். 2022ல மத்திய அரசு மூணாவது புள்ளைங்களுக்கு 20 மொழியில சர்வே எடுத்தப்ப ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா அளவு பாத்ததுக்குக் காரணமே மொழிக்கு மொழி இது மாறும்ங்கறதுதான்.

தப்பு எண்ணுறதுலயும் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும். "மழை"ய "மளை"ன்னு சொன்னா நான் தப்பு போடல, எங்க ஊர்ல பெரியவங்களே அப்படித்தான் பேசுறாங்க. "பள்ளம்"னு இருக்குறத "பள்ளி"ன்னு வாசிச்சுட்டு நிக்காம அடுத்த வரிக்குப் போனா அதைக் குறிச்சுக்கிட்டேன். முதல் எழுத்தப் பாத்து மீதிய ஊகிக்கிற புள்ளை அது, அர்த்தம் பொருந்துதான்னு கவலைப்படல. அதே புள்ளை "ஆங்... இல்லக்கா, பள்ளம்"னு தானே திரும்பி வந்து திருத்துச்சுன்னா, என் கணக்குல அது தப்பே இல்ல, புரிஞ்சுதான் வாசிக்குதுன்னு அர்த்தம்.

இப்ப கேள்விக்கு வருவோம், விஷயமே இங்கதான் இருக்கு. கைடுலயும் டெஸ்ட் பேப்பர்லயும் வர்ற பத்திக் கேள்வி பாதிக்கு மேல எப்படி இருக்குன்னா, கேள்வியில இருக்குற வார்த்தைய பத்தியில தேடிக் கண்டுபிடிச்சு அந்த வரிய அப்படியே எழுதினா மார்க். அதுக்குப் புரியவே வேண்டாம். அந்த அம்மாவுக்கு இதக் காட்டணும்னு நானே வாய்க்கு வந்ததப் போட்டு ரெண்டு வரி எழுதினேன். "கிமலன் தோப்புக்குப் போய் இரண்டு பஞ்சிரிகளை மொடுக்கினான். அவை மிகவும் சோவலாக இருந்தன." கிமலன் எதை மொடுக்கினான்? பஞ்சிரிகளை. அவை எப்படி இருந்தன? மிகவும் சோவலாக இருந்தன. அந்தப் பொண்ணு ரெண்டுக்கும் பதில் சொல்லிருச்சு, முழு மார்க்! "பஞ்சிரின்னா என்ன பாப்பா?"ன்னு அம்மா கேட்டதுக்கு "தெரியல, ஆனா பதில் கரெக்ட்டு தான"ன்னுச்சு. அம்மா சிரிச்சுட்டாங்க, எனக்கும் அதுக்கு மேல விளக்க வேண்டிய வேலை இல்லாமப் போச்சு.

அதனால கதையும் நானே எழுதினேன், எங்க ஊரு புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச காய்கறி மார்க்கெட்ட வச்சு. "மாரி அப்பாவோடு சந்தைக்குப் போனான். தக்காளிக் கூடைகளை இறக்கினார்கள். கமிஷன் கடைக்காரர் விலையைச் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது வழக்கமாகச் சாப்பிடும் பரோட்டாக் கடையில் வண்டி நிற்கவில்லை. மாரியும் கேட்கவில்லை." அவ்வளவுதான் கதை. முதல்ல "மாரி யார்கூடப் போனான்"னு ஒரு நேரடிக் கேள்வி, புள்ளைக்குத் தைரியம் வரட்டும்னு. அடுத்து "வண்டி ஏன் பரோட்டாக் கடையில நிக்கல?" அப்புறம் "மாரி ஏன் கேக்கல?" இந்த ரெண்டுக்கும் பதில் கதையில எந்த வரியிலயும் இல்ல, ஆனா கதை முழுக்க இருக்கு.

இங்கதான் புள்ளைங்க பிரிஞ்சு நின்னாங்க. நம்ம நாலாவது பொண்ணு கதைய ஒரு தப்பு இல்லாம வாசிச்சுட்டு, "பரோட்டாக் கடையில் வண்டி நிற்கவில்லை"ன்னு அதே வரிய பதிலா திருப்பிச் சொல்லுச்சு. ஏன் நிக்கலன்னு கேட்டா மறுபடி தாளத்தான் பாக்குது. இன்னொரு பையன் "பிரேக் பிடிக்கலக்கா"ன்னான், அதுவும் ஒரு பதில்தான், ஆனா கதையில இருந்து வரல. மூணாவது படிக்கிற ஒருத்தன், எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி தட்டுத் தடுமாறி வாசிக்கிறவன், "கூடைகளை"க்கே மூணு தடவ நின்னான். வாசிக்கச் சொல்லிக் கேட்டப்ப அவனால ஒண்ணும் சொல்ல முடியல. சரின்னு அதே கதைய நான் வாசிச்சுக் காட்டி அதே கேள்வியக் கேட்டேன். "தக்காளி வெல போகலக்கா. அப்பா கையில காசு இருந்திருக்காது. அவன் கேட்டா அப்பாவுக்கு சங்கடமா இருக்கும்ல"ன்னு சொன்னான், அவங்க வீட்டுலயும் தக்காளி போடுறாங்க.

டெஸ்ட் வைக்கிறவங்க இந்த ஒண்ண மட்டும் விட்டுறாதீங்க, வாசிக்க வச்சுக் கேக்குறது ஒரு தடவ, நாம வாசிச்சுக் காட்டிக் கேக்குறது ஒரு தடவ. காஃப், டன்மர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1986லயே சொன்னதுதான், எழுத்த வாசிக்கிற திறனும் மொழியப் புரிஞ்சுக்கிற திறனும் பெருக்கல் மாதிரி, ஒண்ணு சைபர்னா மொத்தமும் சைபர். அந்தப் பையனுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி, அந்தப் பொண்ணுக்கு வேண்டியது பேச்சும் கதையும். ரெண்டு பேரும் பள்ளிக்கூட டெஸ்ட்ல ஒரே மார்க் எடுப்பாங்க, ஒரே மாதிரி "இன்னும் நல்லா வாசிக்கணும்"னு எழுதி அனுப்புவாங்க.

தக்காளிக் கதையில அவன் ஜெயிச்சதுக்கு வீட்டு அனுபவமும் ஒரு காரணம்னு எனக்குத் தெரியும். 1988ல அமெரிக்காவுல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் பேஸ்பால் பத்தின பத்திய வச்சு இதச் சோதிச்சாங்க. விளையாட்டு தெரிஞ்ச சுமாரான வாசிப்பாளர்கள், விளையாட்டு தெரியாத நல்ல வாசிப்பாளர்கள விட நல்லாப் பண்ணாங்க. அதனால ரயில் பயணம் பத்தி ஒரு கதை, பாட்டி வீடு பத்தி ஒரு கதைன்னு மாத்தி வச்சுப் பாத்தேன். ஒரே கதைய வச்சு ஒரு புள்ளைக்கு முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு சின்ன வேலை, கதையக் குடுக்காம கேள்விய மட்டும் ரெண்டு மூணு புள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க. "காக்கா என்ன நிறம்" மாதிரி கதை இல்லாமலே பதில் வந்துருச்சுன்னா அந்தக் கேள்விய தூக்கிருங்க.

பதில எழுதச் சொல்லாதீங்க, அது என் அனுபவத்துல கண்டிப்பா சொல்லுவேன். வாயால, அதுங்க பேசுற தமிழ்லயே சொல்லட்டும். எழுதச் சொன்னா "ஏனென்றால்"னு ஆரம்பிக்கத் தெரியாமலே பாதிப் புள்ளைங்க பேனாவ வச்சிரும், அப்புறம் நாம பாக்குறது எழுத்து நடையத்தான், புரிதல இல்ல.

ரிசல்ட்ட மார்க்கா போடல. ஒவ்வொரு புள்ளை பேருக்கு நேரா "வாசிக்குது, நேரடிக் கேள்வி ஓகே, ஏன் கேள்வி வரல", "கேட்டா புரியுது, எழுத்து தடுமாறுது" இப்படி ஒத்த வரி. ஸ்கூல் டீச்சர்கிட்ட காட்டினப்ப அவங்க போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாங்க, நாப்பது புள்ளைய வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா உக்கார வைக்க எனக்கு எங்க நேரம்னாங்க, அதுவும் நியாயம்தான்.

அந்தப் பொண்ணுக்கு இப்ப கணக்கே குடுக்குறதில்ல, கணக்கோட கதைய மட்டும் குடுக்குறேன், நம்பர எடுத்துட்டு. "ராணி கிட்ட கொஞ்சம் மிட்டாய் இருந்துச்சு, தம்பிக்குக் குடுத்துட்டா", இப்ப கூடுச்சா கொறஞ்சுச்சா, அத மட்டும் சொல்லு. நம்பர் இல்லாததால அவசரப்பட்டு கூட்ட வழியில்ல, நின்னு யோசிச்சுத்தான் ஆகணும். இப்ப பெரும்பாலும் சரியா சொல்லுது, "தம்பியவிட ராணிகிட்ட அதிகம்"னு வந்தா மட்டும் இன்னமும் கண்ண மூடிட்டு கூட்டல்னு சொல்லுது. அடுத்த வாரம் அதத்தான் எடுக்கப் போறேன்.