மாற்றிய பிறகு வரவில்லை

ஸ்கேனரில் பி0299 என்ற பழுதுக் குறியீடு வந்தாலே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டதாகப் பாதிப் பேர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எஞ்சின் கணினி கேட்ட அளவுக்குப் பூஸ்ட் அழுத்தம் வந்து சேரவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதுவும் சொல்வதில்லை. ஏன் சேரவில்லை என்று தேடுவது நம் வேலை. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஆனால் ஒரு காரை நினைத்துக்கொண்டால் மட்டும், இதைச் சொல்லும்போது குரலில் பழைய உறுதி வருவதில்லை.

புகார் எல்லோருக்கும் பழகியதுதான். மூன்றாவது கியரில் நன்றாக மிதித்து மேடு ஏறும்போது எஞ்சின் விளக்கு எரியும், இழுவை போய்விடும், அதற்கப்புறம் எஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடில் ஊர்ந்துதான் போக வேண்டும். ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கொண்டுவந்தவர் வயதில் பெரியவர். நிதானமாக ஓட்டுபவர், ஆர்.பி.எம். முள்ளை 2000-ஐத் தாண்ட விடாதவர். வேறோர் இடத்தில் எடுத்த எடுப்பிலேயே டர்போவை மாற்றச் சொன்னதால்தான் என்னிடம் வந்தார். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றாமல் சரிசெய்வேன் என்று நம்பி வந்தவர் அவர்.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரைப் பார்த்தேன். 100 கிலோபாஸ்கல், வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒத்துப்போனது. சென்சரில் குறையில்லை. டர்போவின் இதழ்களை நகர்த்தும் ஆக்சுவேட்டரில் கைப்பம்பை மாட்டி வேக்யூம் கொடுத்ததும் தண்டு தடங்கலில்லாமல் ஏறியது, பம்பின் முள்ளும் இறங்காமல் நின்றது. இந்த வகை டர்போவில் வேக்யூம் இழுத்தால்தான் டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்கள் மூடும். மூடினால் புகைவாயு குறுகிய வழியில் வேகமெடுத்துச் சக்கரத்தைச் சுழற்றும். வேக்யூம் கசிந்தால் இதழ்கள் திறந்தே கிடக்கும், பூஸ்ட் ஏறாது. எனவே வேக்யூமைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் குழாயை அங்குலம் அங்குலமாக விரலால் வளைத்துப் பார்த்தேன். பேட்டரித் தட்டின் அடியில் உரசும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. வளைத்தால் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எங்கே கிடைக்கும்? குழாயை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும் ஒட்டிக்கொண்டே போயின. கொடுத்தனுப்பினேன்.

வண்டி திரும்ப வந்தது.

சோலனாய்டு சூடான பிறகு கொஞ்சம் தாமதிப்பதுபோல் தெரிந்தது. அதையும் மாற்றினேன். சில காலம் தொல்லையில்லை, பிறகு மறுபடியும் அதே மேடு, அதே விளக்கு. புகைவாயுவில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு முழுதாக மூடுகிறதா, கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி அடைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தாயிற்று. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் காற்றுக் குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தேன். ஓர் இணைப்பின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பசையில் தூசி அப்பியிருந்தது, ஆனால் அங்கே புகை கசியவில்லை. அந்தப் பசை வயதான டீசல் கார்கள் பலவற்றிலும் இருப்பதுதான். புகைச் சோதனை மிகக் குறைந்த அழுத்தத்தில் நடப்பது என்பதும் தெரியும். ஒரு பார் (100 கிலோபாஸ்கல்) பூஸ்டில் மட்டும் பிளக்கும் குழாய் அந்தச் சோதனையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். கிளாம்பை இறுக்கிவிட்டு வைத்தேன்.

ஒருமுறை அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் நானும் பின்னால் பையனுமாகப் போனபோது பழுது கையில் சிக்கியது. கேட்டது 215 கிலோபாஸ்கல், வந்தது 170. “டர்போதான் அண்ணா” என்றான் பையன். இந்த இரண்டு எண்ணில் டர்போ என்று எங்கே எழுதியிருக்கிறது என்று அவனை மடக்கினேன். குழாயாக இருந்தாலும் அதே எண்தான் வரும், இதழ்கள் சிக்கினாலும் அதே எண்தான். பெரியவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். வந்து இறங்கியதும் சொன்னார்: “இனிமேல் என்னால் அலைய முடியாது தம்பி. டர்போவையே மாற்றிவிடுங்கள்.”

அதுதான் காரணம் என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை சார் என்றேன்.

“நிரூபணம் உங்களுக்கு வேண்டும். எனக்கு வண்டி ஓடினால் போதும்.”

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. வண்டி அவருடையது, பணமும் அவருடையது. தெரிந்ததைச் சொல்லிவிட்டேன், தெரியாததையும் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் மறுப்பதென்றால் அது என் பிடிவாதமே தவிர அவருக்கு நன்மையில்லை. சம்மதித்தேன்.

டர்போவை மாற்றும்போது டர்போவை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. எண்ணெய் வரும் குழாய் புதிது, கேஸ்கெட்டுகள் புதிது, எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் புதிது. இடைஞ்சலாக இருந்த அந்தத் தூசி படிந்த காற்றுக் குழாயையும் கழற்றத்தான் வேண்டும். கழற்றிய பழைய குழாயை மறுபடி மாட்ட மனம் வருமா? அதுவும் புதிது, கிளாம்புகளும் புதிது. முறையாக வேலை செய்யும் எவரும் இப்படித்தான் செய்வார்கள். அப்படி முறையாகச் செய்ததில், எது பழுது என்று கண்டுபிடிக்க இருந்த கடைசி வழியும் அடைபட்டுப்போனது. பழுது அதன் பிறகு வரவில்லை.

பழைய டர்போவை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தால் இருக்க வேண்டிய சிறிய ஆட்டம் இருந்தது, முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே இல்லை. சக்கரத்தின் இதழ் ஒன்றுகூட வெளிக்கூட்டில் உரசியிருக்கவில்லை. ஆக்சுவேட்டரைக் கழற்றிவிட்டு நெம்புகோலை விரலால் தள்ளினால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போனது. ஹீட் கன்னால் வெளிக்கூட்டைச் சூடாக்கித் தள்ளினேன், அப்போதும் போனது. ஆனால் மேட்டில் மிதிக்கும்போது டர்பைனுக்குள் புகும் வாயுவின் சூடு 700 டிகிரியைத் தாண்டக்கூடியது. மழைக்காலத்தில் மட்டும் இறுகும் கதவைக் கோடையில் திறந்து பார்ப்பதைப் போன்றது என் மேசைச் சோதனை. மெதுவாகவே ஓட்டப்பட்ட வண்டி, உள்ளே கரி படிந்திருக்க எல்லா நியாயமும் உண்டு. படிந்தும் இருந்தது. சிக்கும் அளவுக்கா என்பதுதான் கேள்வி.

நன்றாக ஓடுகிறது என்று சொல்லிப்போகவே ஒருநாள் அவர் வந்தார். “அப்படியென்றால் டர்போதான் காரணம், இல்லையா தம்பி?” என்று கேட்டார்.

“டர்போவை மாற்றிய பிறகு வரவில்லை சார்” என்றேன்.

அவர் சிரித்தார். “இதை முதல் நாளே செய்திருக்கலாமே” என்றார். அதில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை.

என் பதிலை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அவர் காதில் அது ‘ஆமாம்’ என்று விழுந்தது, விழுந்ததை நான் திருத்தவில்லை. திருத்தி என்ன சொல்லியிருப்பேன்? டர்போவாக இருக்கலாம், அந்தக் காற்றுக் குழாயாகவும் இருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றா? பெரிய தொகை கொடுத்துவிட்டு நிம்மதியாக நிற்பவரிடம் அப்படிச் சொல்வது நேர்மையா, என் மனப்பாரத்தை அவர் தலையில் இறக்குவதா? சொல்லாமல் விட்டது இரக்கம் என்றும் சில சமயம் தோன்றுகிறது. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்றும் சில சமயம் தோன்றுகிறது.

முதலில் காற்றுக் குழாயை மட்டும் மாற்றி ஓட்டச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தெரிவதற்கு அவர் இன்னொருமுறை மேட்டில் நிற்க வேண்டியிருக்கும். என் அறிவுக்காக அவர் நிற்பதா? இப்படிக் கேட்டுக்கொண்டால் நான் செய்தது சரி. வேலைச்சீட்டை எடுத்துப் பார்த்தால் அவ்வளவு சரியாகத் தெரிவதில்லை. புகார், காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் பையன் ‘டர்போ பழுது’ என்று எழுதியிருந்தான். கீழே என் கையெழுத்து இருக்கிறது.

பழைய டர்போ, புதுப்பிப்பவர்களிடம் போய்விட்டது. அந்தக் காற்றுக் குழாய் மட்டும் அலமாரியில் இருக்கிறது. இரு முனைகளையும் அடைத்து ஒரு பார் காற்றை ஏற்றினால் ஏதாவது தெரியும். ஏற்றவில்லை. குளிர்ந்த குழாய் தாங்கிவிட்டால் எஞ்சின் சூட்டில் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே அந்தச் சோதனையால் பயனில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பிளந்துவிட்டால் பயன் உண்டு என்பதும் தெரியும்.

பெரியவர் இப்போது தெரிந்தவர்களையெல்லாம் என்னிடம் அனுப்புகிறார். அப்படி வந்த ஒருவருக்கும் அதே குறியீடுதான். டர்போவை மாற்றத் தயாராகவே வந்திருந்தார். கைப்பம்பை மாட்டினேன், வேக்யூம் நிற்கவில்லை. சோலனாய்டு முனையில் ரப்பர் வெடித்திருந்தது. சிறு குழாய்த் துண்டை மாற்றி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். “டர்போவை மாற்றவில்லையா? அவருக்கு மாற்றினீர்களே” என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மறுபடி வந்தால் உடனே கொண்டுவாருங்கள், இன்னும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன என்றேன். அரைமனதாகத்தான் எடுத்துப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. பழுது தீர்ந்ததால் வரவில்லையா, வேறெங்காவது டர்போவை மாற்றிக்கொண்டுவிட்டாரா என்று தெரியாது. அவருடைய சீட்டில் காரணம் என்ற கட்டத்தை மட்டும் நானே நிரப்பினேன்: ‘வேக்யூம் குழாயில் கசிவு காணப்பட்டது.’