பாலாற்றில் இறங்க ஒரு வழி

வேலூரில் பாலாற்றங்கரையை ஒட்டிய தெருக்களில் ஒரு சுற்றுச்சூழல் குழுவுக்காகக் களப்பணி செய்கிறேன். ஆற்றுக்கு மிக அருகில் குடியிருப்பவர்களுக்குத்தான் ஆற்றில் இறங்க வழியில்லை என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காட்பாடி பஸ்ஸில் போகிறவர்கள் பாலத்தின் மேலிருந்தே ஆற்றைப் பார்த்துவிடலாம், ஆனால் கரையோரத் தெருக்காரர்களுக்கு நடுவில் சாக்கடை, கட்டட இடிபாடு, கோழிக்கழிவு மூட்டைகள், அப்புறம் ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றங்கரையில் கூடுகிறது. மற்ற நாட்களில் அங்கே பெண்கள் தனியாகப் போக அஞ்சுகிறார்கள்.

பாலாறு என்றாலே தோல் தொழிற்சாலைக் கழிவுதான் பேச்சு. 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது, நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் சுத்தமானாலும் அதன் பக்கத்தில் போய் நிற்க முடியாத தெருவுக்கு அதனால் என்ன லாபம்?

எல்லாக் குழுக்களையும் போல நாங்களும் குப்பை அள்ளுவதில்தான் தொடங்கினோம். கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு ஜேசிபி வேண்டும், ஜேசிபி உள்ளே போக வழி வேண்டும். சுற்றிச் சுற்றி வழியில்தான் வந்து நின்றது. சரி, நில அளவையில் வரைந்த புல வரைபடத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம், தெருமுனையிலிருந்து ஆறு வரை பழைய வண்டிப்பாதை ஒன்று அதில் தெளிவாக இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனபோது ஒரு பாட்டி வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, அளக்கறீங்க, வூட்டை இடிச்சுடுவீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இங்கே எந்த வேலையும் நடக்காது. ஆற்றுப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்கு அளவை என்றால் காலி செய்வது, கரை அழகுபடுத்துதல் என்றால் வேலியும் பூட்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தபோது கரையோர வீடுகள் தவித்ததும் நினைவில் இருக்கிறது, அதனால் கரையின் பாதுகாப்பை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பாதை எங்கே, யார் வீட்டு மூலை தொடாமல் எப்படித் திருப்புவது என்று தெருப் பெண்களே வீடு வீடாகப் பேசி முடிவு செய்தார்கள். கோலமாவால் கோடு போட்டதும் அவர்கள்தான். படிக்கட்டு வேண்டாம், சரிவாகப் போடுங்கள், தள்ளுவண்டியும் முழங்கால் வலி உள்ளவர்களும் இறங்க வேண்டும் என்று அவர்கள் சொன்னது எந்த வரைபடத்திலும் இல்லாத யோசனை.

இன்று மண்பாதை திறந்திருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் மணலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில் மூட்டை கொட்ட வருகிறவர்கள் தயங்குகிறார்கள், இது எங்கள் சுத்தம் செய்யும் நாட்களைவிட அதிகம் உதவியிருக்கிறது. இருட்டினால் மட்டும் யாரும் போவதில்லை. விளக்குக் கம்பம் கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுக்கப் போகிறோம், கையெழுத்து வாங்கும் பொறுப்பை முறத்தோடு இருந்த அந்தப் பாட்டி ஏற்றிருக்கிறார்.