பெர்லினில் சிறுவர்கள் கொடுக்கும் கரடி

ஜெர்மனியில் நியூரம்பெர்க் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. முழங்கால் வலி இன்னும் போகவில்லை. பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போவது எப்படி, எங்கே தங்குவது, படங்களுக்குச் சீட்டு வாங்குவது எப்படி என்று வரிசையாக எழுதுவதாகத் தோழிகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த இரவுப் பேருந்தைப் பற்றிச் சொல்லித் தீர்க்காமல் வேறு எதையும் எழுத எனக்கு மனம் ஓடவில்லை.

ரயிலில் போனால் ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான். ஆனால் கடைசி நேரத்தில் பதிவு செய்தால் ரயில் கட்டணம் கையைக் கடிக்கும் என்று மகன் சொன்னதால், 22 யூரோவுக்கு இரவுப் பேருந்தில் இடம் பிடித்தேன். எதற்கும் 90 ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் என் பழக்கத்துக்கு அதுவே ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். பேருந்து ஒன்றே கால் மணி நேரம் தாமதமாக வந்தது. வந்த பிறகு பார்த்தால் பின்பகுதியில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இறங்கிய குளிர், உள்ளே மூச்சு ஆவியாகத் தெரிகிற அளவுக்குக் குளிர். ஓட்டுநரிடம் போய்ச் சொன்னபோது, முன்னால் இடமில்லை என்று கையை விரித்துவிட்டு, நள்ளிரவில் ஏதோ ஒரு பெட்ரோல் நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்தித் தாம் மட்டும் காபி குடித்தார். பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண் தன் போர்வையில் பாதியை என் காலில் போர்த்திவிட்டாள். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு நான் போகாத இரவுப் பேருந்து இல்லை. ஆனாலும் அறுபத்தொரு வயதில் இப்படி ஓர் இரவு வந்து சேரும் என்று நினைத்ததில்லை.

இத்தனையும் எதற்கு என்று கேட்கலாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவள் நான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடும் திட்டம் 2022இல் தொடங்கியபோது, ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்தப் படம் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று நாங்கள் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுவோம். பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும், எனக்கும்தான், தோன்றியதே இல்லை. பெர்லின் திரைப்பட விழாவில் ஒரு பிரிவில் பரிசை முடிவு செய்வதே சிறுவர்கள் என்று படித்த நாளிலிருந்து அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

அந்தப் பிரிவுக்கு இப்போது ஜெனரேஷன் என்று பெயர். 1978இல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சினிமா என்ற பொருள்படும் பெயரோடு அதைத் தொடங்கினார்கள். விழா கோடையிலிருந்து பிப்ரவரிக்கு மாறியதும் அதே ஆண்டுதான். அந்த மாற்றத்தை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர் என்னைப் போல வெப்பமூட்டி இல்லாத பேருந்தில் பெர்லினுக்கு வந்திருக்க மாட்டார். பதின்ம வயதினருக்கான 14பிளஸ் போட்டி 2004இல் சேர்ந்தது. 2007 முதல் இரண்டும் ஒரே பெயரின்கீழ், சிறுவர்களுக்குக் கேபிளஸ், பதின்ம வயதினருக்கு 14பிளஸ் என்று நடக்கின்றன. கேபிளஸ் படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் குழுவில் இருப்பவர்கள் 11 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்கள். அவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று நான் முதலில் எண்ணியது தவறு. முந்தைய ஆண்டு விழாவில் படம் பார்த்துவிட்டு, அதைப் பற்றி வினாத்தாளில் எழுதிக் கொடுத்த பிள்ளைகளிலிருந்து அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் பரிசு கண்ணாடிக் கரடி என்னும் கரடிச் சிலை. முழுநீளப் படத்துக்கு ஒன்று, குறும்படத்துக்கு ஒன்று. 14பிளஸ் பிரிவில் இளைஞர் குழு இதேபோலத் தனியாகக் கொடுக்கிறது.

தங்கியது நொய்கோல்ன் பகுதியில் ஒரு மலிவு விடுதியில். எட்டுப் பேர் படுக்கும் அறை, எனக்குக் கிடைத்தது மேல் கட்டில். கீழ்க்கட்டிலில் இருந்த பிரேசில் நாட்டு இளைஞன் என் நரைமுடியைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே தன் மெத்தையை மேலே தூக்கிப் போட்டுவிட்டான். தங்குமிடத்தைப் பற்றி இதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

முதல் காலை சூ பாலஸ்ட் திரையரங்குக்குப் போனேன். 1957 முதல் 1999 வரை விழாவின் தலைமை அரங்காக இருந்த இடம் அது; உள்ளே நுழைந்ததும் சிவப்பு இருக்கைகளையும் பெரிய திரையையும் பார்த்து எனக்கு வாய் பேசவில்லை. ஆனால் அன்று அந்த அரங்கில் பிரமுகர்கள் யாரும் இல்லை. பனிக்கால மேலங்கிகளை மடியில் குவித்துக்கொண்டு, பள்ளிப் பைகளோடு, வரிசை வரிசையாகப் பிள்ளைகள். விளக்கு அணைந்ததும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. படம் அதன் சொந்த மொழியிலேயே ஓடுகிறது. ஆங்கில எழுத்துகள் கீழே வருகின்றன. கூடவே அரங்கில் அமர்ந்திருக்கும் ஒரு குரல் கலைஞர் அத்தனை கதாபாத்திரங்களின் வசனத்தையும் ஒலிவாங்கியில் ஜெர்மன் மொழியில் அந்தக் கணமே சொல்லிக்கொண்டு போகிறார். துணையெழுத்தை வேகமாகப் படிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளுக்காக இந்த ஏற்பாடு. அழுகிற பாட்டிக்கும் கத்துகிற சிறுவனுக்கும் அவர் நடிப்பதில்லை, கதை சொல்கிறார். நடிகர்களின் சொந்தக் குரலும் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்து மௌனப் படங்களுக்குக் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். அதை நான் பெர்லினில் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அந்த வாரத்தில் நான் பார்த்த படங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோந்த்ரி தம் மகள் மாயாவுக்காக எடுத்த படம். தொலைவில் இருக்கும் மகள் ஒரு தலைப்பைச் சொல்வாள். தகப்பன் காகிதத்தை வெட்டி, ஒட்டி, நகர்த்தி அந்தத் தலைப்புக்கு அவளையே நாயகியாக வைத்து ஒரு கதை செய்து அனுப்புவார். அப்படிச் செய்த துண்டுகளைக் கோர்த்த படம் அது. என் பக்கத்தில் இருந்த ஆறேழு வயதுச் சிறுவன் இருக்கையில் உட்காரவே இல்லை. பாதிப் படத்தை நின்றுகொண்டே பார்த்தான், இரண்டு முறை என் கையைத் தட்டித் திரையைக் காட்டினான், நான் தூங்கிவிட்டதாக நினைத்திருப்பான் போலும். மற்றொன்று, ஜிங் யி இயக்கிய 'தாவரவியலாளர்' என்ற சீனப் படம். ஷின்ஜியாங்கின் வடபகுதியில் ஒரு பள்ளத்தாக்கு, செடிகொடிகளோடு பேசித் திரியும் கசாக் சிறுவன், அவனோடு பழகும் ஹான் சீனச் சிறுமி, அவள் ஊரை விட்டுப் போகப்போவது. அதிகம் ஒன்றும் நடக்காத படம்; ஆனால் அந்தப் பச்சையும் அந்த அமைதியும் இரண்டு நாள் என்னை விடவில்லை. பரிசு இதற்குத்தான் என்று அன்றிரவே மகனுக்குத் தொலைபேசியில் உறுதியாகச் சொன்னேன்.

குறும்படத் தொகுப்பு ஒன்று முடிந்ததும் படம் எடுத்தவர்கள் மேடைக்கு வந்தார்கள். கை தூக்கியவர்கள் எல்லாம் பிள்ளைகள். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி, கடைசிக் காட்சியில் அம்மா ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டாள். பார்வையாளர்களே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதாக இயக்குநர் பதில் சொன்னார். நான் யோசித்தேன், எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் உங்களைக் கேட்கிறேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அரங்கமே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. பல்லாண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு அந்த இயக்குநரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நகரின் பேருந்துகளும் சுரங்க ரயில்களும் வேலைநிறுத்தத்தால் ஓடவில்லை. கூலிக்காகப் போராடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எஸ் பான் என்னும் நகர ரயில் ஓடியதால் சமாளிக்கவும் முடிந்தது. வயிற்றெரிச்சல் அன்றிரவு வாடகைக் காரில் ஏறியதால் வந்தது. நடைபாதையில் உப்புப் போடுவதற்குத் தடை இருப்பதால் கல்பொடியைத்தான் தூவியிருக்கிறார்கள்; அதிலும் பனி உறைந்து கண்ணாடிபோல ஆகிவிட, விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை என்ற பயத்தில் கையை நீட்டிக் காரை நிறுத்தினேன். பத்து நிமிட வழியை இருபத்தைந்து நிமிடம் சுற்றிவிட்டு 31 யூரோ கேட்டார் ஓட்டுநர். அட்டையை நீட்டினால் இயந்திரம் வேலை செய்யவில்லை என்றார். பெர்லின் வாடகைக் கார்கள் அட்டை வாங்கியே ஆக வேண்டும் என்று 2015 முதல் விதி இருப்பது மறுநாள் மகன் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு கிலோமீட்டருக்குள்ளான தூரத்துக்குத் தெருவில் நிறுத்தி ஏறும்போதே கேட்டால் குறைந்த கட்டணம் உண்டு என்பதையும் அவன் அப்போதுதான் சொன்னான். ஏறத்தாழ 2,800 ரூபாய்! அந்தப் பணத்தில் ஜெனரேஷன் பிரிவில் இன்னும் சில படங்களைப் பார்த்திருக்கலாம். பெரியவர்களின் படங்களுக்கு உள்ள விலையைவிட அங்கே சீட்டு மிகவும் மலிவு.

அந்தக் கோபத்தைத் தணித்தது சோனன் அலே என்ற தெருவில் ஒரு சிறிய அரபுக் கடை. தெரு முழுக்கச் சிரியா, லெபனான், பாலஸ்தீன மக்களின் கடைகள். மசித்த பருப்பில் சீரகம் தாளித்து, எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு பெரிய கிண்ணத்தில் கொடுத்தார்கள்; கூடவே சூடான ரொட்டி, ஊறுகாய், கொஞ்சம் வெங்காயம். இரண்டாவது முறை ரொட்டி கேட்டதற்குக் காசு வாங்கவில்லை. 6 யூரோவுக்கு வயிறு நிறைந்தது. வறண்டு கிடந்த நாக்குக்கு உயிர் வந்தது. மறுநாளும் அங்கேயே போனேன், அதற்கு மறுநாளும். ஊரெல்லாம் புகழும் கறித்தூள் தூவிய தொத்திறைச்சியை ஒருநாள் திரையரங்க வாசலில் வாங்கிப் பார்த்தேன். நம் ஊர்த் தக்காளிச் சாற்றில் மசாலாப் பொடியைக் கொட்டியது போலிருந்தது, அதைப் பற்றிப் பேசுவது வீண்.

பரிசு வழங்கும் நிகழ்ச்சிக்கு எனக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. மூன்று நாளுக்கு முன்பு காலை 10 மணிக்கு இணையத்தில் விற்பனை திறக்கும். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் தீர்ந்துவிட்டது. முடிவுகளை விடுதியின் சமையலறையில் கைபேசியில்தான் பார்த்தேன். கேபிளஸ் சிறுவர் குழுவின் கண்ணாடிக் கரடி கோந்த்ரியின் காகிதப் படத்துக்கு. பெரியவர்களைக் கொண்ட சர்வதேச நடுவர் குழு தனியாக ஒரு பெரும்பரிசு தருகிறது. ஜெர்மானியக் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றின் உதவியோடு 7,500 யூரோ பல ஆண்டுகளாக அதனுடன் சேர்ந்து வந்திருக்கிறது. அது 'தாவரவியலாளர்' படத்துக்கு. அதாவது நான் மகனிடம் அடித்துச் சொன்னது பெரியவர்களின் தீர்ப்பு. பிள்ளைகளை மையமாக வைத்து எடுத்த படத்தையும் பிள்ளைகள் பார்ப்பதற்கென்று எடுத்த படத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் படம் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று எண்ணியபோது, நின்றுகொண்டே படம் பார்த்த அந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வந்தான்.

நம் நாட்டுப் படங்களுக்கு இந்தக் கரடி புதிதல்ல. அப்பாவை இழந்து கொங்கண் கடற்கரைக்கு வந்து சேரும் சிறுவனைப் பற்றி அவினாஷ் அருண் எடுத்த 'கில்லா' என்ற மராத்திப் படத்துக்கு 2014இல் சிறுவர் குழு கண்ணாடிக் கரடி கொடுத்தது. செக்காவின் 'வான்கா' கதையைக் குட்டநாட்டு நீர்வெளிக்குக் கொண்டுவந்த ஜெயராஜின் 'ஒற்றால்' என்ற மலையாளப் படத்துக்கு 2016இல் அதே பரிசு. நடுவில் 2015இல் நாகேஷ் குக்குனூரின் 'தனக்' பெரியவர்களின் பெரும்பரிசைப் பெற்றது. அந்த ஆண்டுகளில்தான் தமிழில் மணிகண்டனின் 'காக்கா முட்டை' வந்து, சிறந்த சிறார் படத்துக்கான 2014ஆம் ஆண்டின் தேசிய விருதை ஒரு மராத்திப் படத்தோடு பகிர்ந்துகொண்டது. அந்த விருதை முடிவு செய்யும் அறையில் ஒரு பிள்ளைகூடக் கிடையாது. பீட்சாவுக்கு ஏங்கிய அந்த இரண்டு சிறுவர்களைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து வாதிட்டால் என்ன பேசுவார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

14பிளஸ் பிரிவில் ரீமா தாஸின் அசாமியப் படத்துக்கும் சீட்டுத் தீர்ந்துபோயிருந்தது. கிடைத்தது பிலிப்பைன்ஸின் 'சன்ஷைன்'. தேசிய அணித் தேர்வுக்கு முன்பு தான் கருவுற்றிருப்பதை அறியும் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஒருத்தியின் கதை. கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தராத நாடு அது. என்னைச் சுற்றிப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். இதைத் திண்டுக்கல்லில் என் மாணவிகளுக்குக் காட்டியிருப்பேனா என்று படம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்; காட்டியிருக்க மாட்டேன், தலைமையாசிரியர் என்ன சொல்வார் என்ற அச்சம் போதும். இளைஞர் குழு தன் கண்ணாடிக் கரடியை இதற்குத்தான் கொடுத்தது.

ஆறு நாளில் மொத்தம் 394 யூரோ செலவு. அதில் அந்த 31 யூரோவை மட்டும் மகனிடம் தனியாகக் குறித்துக் காட்டினேன். திரும்பும்போது ரயிலுக்கே பதிவு செய்து கொடுத்தான். போக நினைக்கிறவர்கள் காலை 10 மணிக்குக் கண்ணாடியோடு தயாராக இருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எந்த வயதுக்கு ஏற்றது என்று அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளோடு போவதானால் அதைப் பார்த்து வாங்குங்கள். பருப்புச் சாறு கிடைக்கும் கடை சோனன் அலேயின் எந்தப் பக்கம் என்பதை, கேட்பவர்களுக்கு வரைபடம் போட்டே தருகிறேன்.