ஃப்ளட்டர் பில்ட் திடீர்னு நின்னா முதல்ல ஜாவாவைப் பாருங்க

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அப்டேட் பண்ணதும், நேத்து வரைக்கும் ஓடின ஃப்ளட்டர் (மொபைல் ஆப் செய்ற டூல்கிட்) ப்ராஜெக்ட் பில்ட் ஆகலையா? கோடுல கை வைக்காதீங்க. எரர்ல "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65"னு இருக்கானு பாருங்க. அந்த எண்ல 44-ஐக் கழிச்சா ஜாவா வெர்ஷன் கிடைச்சிடும். 65னா ஜாவா 21, 61னா 17.

2024-ல வந்த லேடிபக்ங்கிற ஸ்டுடியோ வெர்ஷன்ல இருந்து, ஸ்டுடியோகூடவே ஜாவா 21 வருது. ஃப்ளட்டர் வழக்கமா அதைத்தான் எடுத்துக்கும். ஆனா ஆண்ட்ராய்டு ஆப்பை பில்ட் பண்ற டூலான கிரேடில் 8.5-க்குக் கீழே இருந்தா ஜாவா 21-ல ஓடாது. ஃப்ளட்டர் க்ளீன் கமாண்டை எத்தனை தடவை போட்டாலும் இது தீராது. அது பில்ட் குப்பையை மட்டும்தான் அள்ளும், வெர்ஷனைத் தொடாது.

ஆண்ட்ராய்டு ஃபோல்டர், அதுக்குள்ள கிரேடில், அதுக்குள்ள ரேப்பர். அங்க இருக்கிற ப்ராப்பர்டீஸ் ஃபைல்ல டிஸ்ட்ரிபியூஷன் யூஆர்எல் வரியில வெர்ஷனை 8.5-க்கு ஏத்துங்க. பழைய ப்ளகின்கள் நிறைய இருந்தா இதுவே அடுத்த எரரைக் கிளப்பும். அந்த மாதிரி ப்ராஜெக்ட்டுக்கு ஜாவா 17-ஐத் தனியா இன்ஸ்டால் பண்ணி, ஃப்ளட்டர் கான்ஃபிக் கமாண்ட்ல ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) டைரக்டரியா அதைக் காட்டுறதுதான் நல்லது. இதுக்கும் கிரேடில் குறைஞ்சது 7.3 வேணும். எந்த ஜாவா ஓடுதுனு ஃப்ளட்டர் டாக்டர் கமாண்டை வெர்போஸ்ல, அதாவது முழு விவரத்தோட, போட்டா தெரியும்.

பில்ட் ஆகியும் லோக்கல் சர்வர் கிடைக்கலைன்னா: ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்கு லோக்கல்ஹோஸ்ட்னா அது தன்னையேதான் குறிக்கும். உங்க லேப்டாப்புக்கு 10.0.2.2 போடுங்க. ஐஓஎஸ் சிமுலேட்டர்ல இந்தப் பிரச்சினை இல்லை. நிஜ போன்னா போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில இருக்கணும், சர்வர் 0.0.0.0-ல, அதாவது லேப்டாப்போட எல்லா நெட்வொர்க் முகவரியிலயும், கேட்டுக்கிட்டிருக்கணும், லேப்டாப்போட ஐபி-யைக் கொடுக்கணும்.