கற்றாழைக்கு மழை பகை, மக்காச்சோளத்துக்கு உப்பு பகை

"தண்ணி இல்லாத ஊரு, கற்றாழை போட்டா தானா வரும்" என்ற பேச்சு ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் சாதாரணம். அதில் பாதிதான் உண்மை. இங்கே கற்றாழை சாவது பெரும்பாலும் சித்திரை வெயிலில் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில். மக்காச்சோளத்தை நாற்றுப் பருவத்தில் அதே மழை கெடுக்கும். அதைத் தாண்டிவிட்டால், மாசிக்கு மேல் கிணற்றில் ஏறும் உப்பு கெடுக்கும். ஆகவே எவ்வளவு தண்ணீர் என்பதோடு எப்போது, எந்தத் தண்ணீர் என்பதையும் பார்த்துத்தான் இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்.

சோற்றுக்கற்றாழை அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மண்ணில் பிறந்த செடி. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவின் ஈரக்காற்றில் திறந்து, கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கும். மறுநாள் வெயிலில் அதை வைத்து உணவு தயாரிக்கும். மெதுவாக வளர்வதும் அதனால்தான்.

மக்காச்சோளம் பகலில் துளைகளைத் திறந்து வைத்து வேகமாக வளரும் பயிர். நூறு, நூற்றுப்பத்து நாளில் கதிர் தர வேண்டும் அல்லவா? பூங்கதிர் வெளிவந்து பட்டு நூல் தொங்கும் நாட்களில் தினமும் 6 முதல் 7 மில்லிமீட்டர் தண்ணீரை உறிஞ்சும். 10 சென்ட் நிலத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 400 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 2,400 முதல் 2,800 லிட்டர். நம் மணலில் வேர் எட்டும் ஆழத்துக்குள் மூன்று நாலு நாளுக்கான ஈரம்கூட நிற்காது. கரிசலில் பத்து நாளைக்கு ஒருமுறை பாய்ச்சுகிறவரின் கணக்கை இங்கே கொண்டுவந்தால், கதிரில் மணி பிடிக்காமல் பல் விழுந்த மாதிரி இடைவெளி இருக்கும்.

உப்புக் கணக்கைப் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. கடலோர மணலில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மோட்டாரைப் போட்டு விடாமல் இறைத்தால் அடியில் இருப்பது மேலே வரும். உப்பின் அளவை மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று, மின்சாரத்தைக் கடத்தும் திறனை வைத்துச் சொல்வார்கள். மண்ணின் உப்பு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் மக்காச்சோள விளைச்சல் குறைய ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். பாசன நீர் 3 இருந்தால் மண்ணில் 4.5 அளவுக்கு ஏறும், மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போச்சு. நீர் 2 என்றாலே, பயிர்க்காலம் முழுக்க 500 மில்லிமீட்டர் பாய்ச்சும்போது 10 சென்டுக்குள் சுமார் 250 கிலோ உப்பை நாமே கொட்டுகிறோம். கற்றாழைக்கு உப்பைத் தாங்கும் சக்தி கூடுதல். ஆனால் அதுவும் வேண்டா வெறுப்பாகத்தான் வளரும்; மடல் மெலிந்துவிடும். கிணற்றுத் தண்ணீரை மழை முடிந்ததும் ஒரு முறை, மாசியில் ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு எண்ணும் வேறுவேறாக இருக்கும். மாசி எண்தான் முக்கியம்.

மக்காச்சோளம் போடுவதாக இருந்தால் கனமழை ஓயும் கார்த்திகைக் கடைசியில் விதைப்பது நல்லது. முதல் மூன்று வாரம் குருத்து மண்ணுக்குள்தான் இருக்கும். அப்போது இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் எழுந்திருக்காது. கார்த்திகைக் கடைசி விதைப்பு தை முடிவில் பூக்கும், கடும் வெயிலுக்கு முன் மணி பிடித்துவிடும். பங்குனி வெயிலில் பூத்தால் மகரந்தம் காய்ந்து போகும். 10 சென்டுக்கு 800 கிராம் வீரிய ஒட்டு விதை, பார்கள் 60 சென்டிமீட்டர் இடைவெளியில், செடிக்குச் செடி 25, ஆழம் 4 சென்டிமீட்டர். வேலியோரம் ஒரே நீள வரிசையாக வேண்டாம். மகரந்தம் காற்றில் வருவது, கடற்காற்று அதைப் பக்கத்து வயலுக்குக் கொண்டு போய்விடும். நாலைந்து வரிசையாவது சேர்ந்து சதுரமாக நிற்கட்டும்.

உரம், அதே 10 சென்டுக்கு: தொழுவுரம் 500 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 19 கிலோ, துத்தநாக சல்பேட் ஒன்றரைக் கிலோ அடியுரமாக. துத்தநாகத்தை விட்டால் இளங்குருத்தில் வெள்ளைப் பட்டை விழும். பொட்டாஷைச் சல்பேட்டாக 6 கிலோ கொடுங்கள். உப்பு மண்ணில் மியூரியேட், அதாவது பொட்டாசியம் குளோரைடு, இன்னும் குளோரைடைத்தான் சேர்க்கும். யூரியா மொத்தம் 22 கிலோ. மூன்று தவணை என்று சொல்வார்கள், மணலுக்கு ஐந்தாகப் பிரிப்பதே சரி. இல்லாவிட்டால் ஒரு மழைக்கே அடியில் இறங்கிவிடும். 2018 முதல் படைப்புழுத் தொல்லை வேறு. பத்து நாள் பயிரிலிருந்தே குருத்தைப் பிரித்துப் பாருங்கள். இலையில் சன்னல் போலச் சுரண்டல் தெரிந்தால் எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிமருந்தை லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம் கலந்து, குருத்துக்குள் இறங்கும்படி மாலையில் தெளிக்க வேண்டும்.

கற்றாழையில் இவ்வளவு வேலை இல்லை, இடம் பார்ப்பதுதான் வேலை. கார்த்திகையில் இரண்டடிக் குழி தோண்டுங்கள். தண்ணீர் ஊறி நின்றால் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடாமல் நடக்கூடாது. தாய்ச்செடியிலிருந்து பிரித்த, ஒரு சாண் உயரப் பக்கக்கன்றை நாலு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு 60க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். 10 சென்டுக்கு 1,100 கன்று பிடிக்கும், தொழுவுரம் 400 கிலோ போதும். மழைக்காலத்தில் நடலாம் என்பார்கள். இந்தக் கரைக்குத் தை, மாசிதான் ஏற்றது, அடுத்த மழைக்குள் வேர் பிடித்திருக்கும். முதல் மாதம் பத்து நாளைக்கு ஒருமுறை, பிறகு கோடையில் பதினைந்து இருபது நாளைக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு லிட்டர். புரட்டாசிக் கடைசி முதல் மார்கழி வரை குழாயைத் தொடவே வேண்டாம்.

கோடையில் மடல் செம்பழுப்பாக மாறுவது நோயல்ல, வெயிலுக்கு வந்த நிறம். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் விடுவதால்தான் பாதிச் செடி அழுகுகிறது. தாகம் என்றால் மடல் மெலிந்து உள்பக்கம் சுருளும். அடி மடல் கொழகொழவென்று நாற்றமெடுத்தால் வேர் அழுகல். பிடுங்கி, கறுத்த வேரை வெட்டி எறிந்து, காயவைத்து வேறு இடத்தில் நட வேண்டும்.

மக்காச்சோள வரிசைக்கு நடுவே கற்றாழையை ஊடுபயிராக வைக்கலாமா என்றால், வேண்டாம். மக்காச்சோளத்துக்கு விடும் தண்ணீரும் யூரியாவும் கற்றாழை மடலை வெறும் நீராக்கும், நிழல் அதை நீட்டிவிடும். உயரமான வரப்பில் வைத்தால் இரண்டுக்கும் சண்டை இல்லை.

அறுவடையிலும் ஒரு வித்தியாசம். மக்காச்சோள மணியைக் காயவைத்து ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே வந்தால் விலை வரும்வரை வைத்திருக்கலாம். கற்றாழை மடலை வெட்டிவிட்டால் அப்படி வைத்திருக்க முடியாது, உள்ளே இருக்கும் சோறு சீக்கிரம் கெடும். வாங்குகிறவரைப் பேசி முடித்த பிறகே கத்தியை எடுங்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு அடியிலிருந்து மூன்று நாலு மடல், மழை இல்லாத நாளில் மட்டும். வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் நிறுத்தி, மஞ்சள் பாலை வடியவிட வேண்டும். அது வயிற்றைக் கழிய வைக்கும்.