‘என்று சொன்னால் சரியல்ல’

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களின் சாட்சியத் தாள்களைப் படித்தவர்களுக்கு இந்தத் தொடர் நன்கு பழக்கமானது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், “தாவா சொத்து உங்கள் அனுபவத்தில் இல்லை என்கிறேன்” என்கிறார். (தாவா சொத்து என்பது வழக்கிலுள்ள சொத்து; அனுபவம் என்பது அதைக் கைவசம் வைத்திருப்பது.) சாட்சி, “இல்லைங்க, என் அனுபவத்துலதான் இருக்கு” என்று மறுக்கிறார். நீதிபதி கேள்வியையும் பதிலையும் ஒன்றாக்கித் தட்டச்சரிடம், “தாவா சொத்து என் அனுபவத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல” என்று சொல்லிப் பதிவு செய்கிறார். அந்த வாக்கியம் சாட்சியே பேசுவதுபோலத் தன்மையில் அமைந்திருக்கிறது. ஆனால் அதில் கடைசிச் சொல்லைத் தவிர மற்றவை வழக்கறிஞர் கொண்டுவந்தவை. அந்தக் கடைசிச் சொல்லிலும் ‘அல்ல’ விடுபட்டு ‘சரி’ மட்டும் நின்றுவிட்டால், மறுப்பு ஒப்புதலாகிவிடும்.

சாட்சியை அழைத்த தரப்பே நடத்தும் முதல் விசாரணையிலாவது சாட்சியின் சொந்தப் பேச்சு கிடைக்குமா என்றால், உரிமையியல் வழக்குகளில் 2002 ஜூலை 1 முதல் அது பிரமாண வாக்குமூலமாகவே தாக்கல் செய்யப்படுகிறது. அதை எழுதுவதும் வழக்கறிஞர்தான். ஆக, முதல் விசாரணை தன் வழக்கறிஞரின் நடையிலும், குறுக்கு விசாரணை எதிர் வழக்கறிஞரின் நடையிலும் அமைந்துவிட, சாட்சிக் கூண்டில் நின்றவர் தம் வாயால் சொன்னது எங்கே இருக்கிறது என்று தாளில் தேட வேண்டியிருக்கிறது. மேல்முறையீட்டு நீதிபதிக்கு அந்த முகமும் குரலும் கிடைப்பதில்லை. தாள் மட்டுமே கிடைக்கிறது.

நான் இளம் வழக்கறிஞராக இருந்தபோது ஒரு பாகப்பிரிவினை வழக்கில் எங்கள் கட்சிக்காரரான மூதாட்டி வா.சா.1 ஆக, அதாவது வாதி தரப்பின் முதல் சாட்சியாக, சாட்சியம் அளித்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட விடுதலைப் பத்திரத்தைக் காட்டி, அதிலிருக்கும் கைரேகை அவருடையதுதானே என்று கேட்டார்கள். “கை என்னுதுதாங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு யாரும் படிச்சுக் காட்டலீங்க” என்றார். என் குறிப்பேட்டில் இரண்டு வாக்கியங்களையும் எழுதியிருந்தேன். சில நாள் கழித்துக் கிடைத்த சான்றிட்ட நகலிலோ, “பத்திரத்தில் உள்ள கைரேகை என்னுடையதுதான்” என்பதோடு அந்தப் பதில் முடிந்திருந்தது. வழக்கின் உயிராக இருந்த இரண்டாம் பாதியைக் காணவில்லை. தாளின் அடியில், படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டதாக ஒரு வரியும், அதன்கீழ் அவருடைய கைரேகையும் இருந்தன. அன்று யாரும் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டப்படாத தாளில் அவர் கைரேகை வைத்தது அது இரண்டாம் முறை.

இதில் நீதிபதியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே நாளில் பல சாட்சிகளை வைத்துக்கொண்டு, கேட்டதைச் சுருக்கி வாக்கியமாக்குவது கடினமான பணி. பிழை என்னுடையது, அந்தக் கணத்திலேயே நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 10 இதற்கு வழி தருகிறது: தனிக் காரணம் இருந்தால், குறிப்பிட்ட கேள்வியையும் பதிலையும் அப்படியே பதிவு செய்யும்படி வழக்கறிஞர் கேட்கலாம். ஒப்புதல்போலத் தோன்றும் ஒவ்வொரு பதிலுக்கும் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது இன்று என் உறுதியான கருத்து. “ஞாபகம் இல்லீங்க” என்ற பதில் “தெரியாது” என்று பதிவாகும்போதும் அவ்வாறே எழுந்து நிற்க வேண்டும். மறந்தவரும் அறியாதவரும் ஒருவரல்லர்.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளில் வழக்கு விசாரணைக்கு முன்பே எடுக்கப்படும் ‘டெபோசிஷன்’ என்னும் சாட்சிய வாக்குமூலத்தில், கேள்வியும் பதிலும் சொல்லுக்குச் சொல் தனித்தனியே பதிவாகின்றன. சாட்சியோ கட்சிக்காரரோ முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால், பதிவைப் படித்துப் பார்த்துத் திருத்தங்களைக் காரணத்தோடு எழுதித் தர 30 நாள் உண்டு. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவும் சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றது. அதற்கு மாற்றாக வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.

எங்கள் வழக்கில், சாட்சியை மீண்டும் அழைக்க, முன்சொன்ன கட்டளை 18-இன் விதி 17-இன்கீழ் மனு செய்தோம். அந்த விதி நீதிமன்றம் தன் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வதற்கானதே தவிர, சாட்சியத்தில் விடுபட்டதை நிரப்புவதற்கானது அன்று என்று கே.கே.வேலுசாமி எதிர் என்.பழனிசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் விளக்கியிருக்கிறது. எனினும் எங்கள் மனு அனுமதிக்கப்பட்டது. மூதாட்டி மறுபடியும் கூண்டேறி, முன்பு சொன்னதையே சொன்னார். இம்முறை அது முழுதாகப் பதிவானது. அதன் அடுத்த வரியில், எதிர் வழக்கறிஞரின் கேள்விக்கு அவர் தந்த பதிலும் பதிவாகியிருக்கிறது: “என் வழக்கறிஞர் சொல்லிக் கொடுத்து இப்போது புதிதாகச் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.”